மஞ்சள் கொடி எடுத்த புல்

நாய் புல் தின்னலாமா என்று ஒரு நாளைக்குப் பத்துப் பேராவது கேட்பார்கள். கால்நடை மருத்துவமனையில் போனை எடுப்பது என் வேலை. "தின்னட்டும் சார், ஒண்ணும் ஆகாது" என்று கிளிப்பிள்ளை மாதிரி சொல்வேன். அது பொய்யில்லை. பல நாய்கள் சும்மா ருசிக்குக் கடிக்கின்றன. ஒன்றிரண்டு வாந்தி எடுத்துவிட்டு, அடுத்த வேளைச் சாப்பாட்டுக்கு ஒன்றுமே நடக்காதது போல வாலாட்டிக்கொண்டு நிற்கும்.

ஆனால் போனுக்குப் பக்கத்தில், மேஜைமேல், டாக்டரம்மா தன் கையால் எழுதி ஒட்டிய அட்டை ஒன்று உண்டு. 'மருந்து அடித்த புல்லா? கேட்கவும்.' சேர்ந்த புதிதில் எல்லோரிடமும் கேட்டேன். கூட இருந்த பெண் வேலையை விட்டுப் போய், அவள் வேலையும் என் தலையில் விழுந்த பிறகு அந்தக் கேள்வி என் வாயிலிருந்து உதிர்ந்து போனது. இப்போது அந்த அட்டையின் மேல்தான் டீ டம்ளரை வைக்கிறேன்.

அன்று காலை ஒருவர் கூப்பிட்டார். "அம்மா, நம்ம மாப்பிள்ளை ஒரேயடியா புல்லு தின்னுட்டிருக்கான். விடலாமா?"

மாப்பிள்ளை என்பது நாய் என்று புரிய எனக்கு ஒரு நொடி ஆனது. எதிரே மூன்று பூனைக்கூடைகள், கத்துகிற நாய்க்குட்டி ஒன்று. "தின்னட்டும் சார், ஒண்ணும் ஆகாது" என்று வைத்துவிட்டேன்.

மதியம் அவரே நாயைத் தூக்கிக்கொண்டு ஓடி வந்தார். ஓய்வு பெற்ற பஸ் டிரைவர். நாயின் வாயிலிருந்து எச்சில் நூலாக ஒழுகியது. தோள் சதை தானாகத் துடித்தது.

"வேலை வெட்டி கிடையாது, நேரத்துக்குச் சாப்பாடு மட்டும் வேணும், அதான் மாப்பிள்ளைன்னு கூப்பிடுறது" என்றார், யாரும் கேட்காமலே. "பொண்ணு வெளிநாடு போகும்போது விட்டுட்டுப் போனா. வீட்ல நானும் இவனும்தான்."

டாக்டரம்மா நாயின் கண்ணைத் திறந்து பார்த்தார். "என்ன தின்னான்?"

"புல்லு மட்டும்தான் டாக்டர். எங்க அடுக்குமாடி வாசல்ல இருக்குற புல்தரை."

"பூச்சிமருந்து மாதிரி இருக்கு. எந்த மருந்துன்னு தெரிஞ்சாதான் சரியான மாத்து மருந்து போட முடியும். தப்பாப் போட்டா இன்னும் மோசமாயிடும்."

எந்த அடுக்குமாடி என்று பதிவேட்டில் எழுதக் கேட்டேன். அவர் சொன்ன பெயரைப் பாதியிலேயே எழுதி நிறுத்தினேன். என் வீட்டுக்காரர் தோட்ட வேலை பார்க்கிற இடம். எட்டு மாதம் வேலையில்லாமல் வீட்டில் கிடந்து, யார் யார் காலிலோ விழுந்து கிடைத்த வேலை.

முந்தின நாள் சாப்பிடும்போது அவர் சொன்னது ஞாபகம் வந்தது. மருந்து அடித்தால், யாரும் கால் வைக்காமலிருக்க எச்சரிக்கையாக இரண்டு நாளைக்குப் புல்தரையில் மஞ்சள் கொடி நட்டு வைக்க வேண்டும். "வீடு பாக்க ஆளுங்க வர்றாங்களாம். கொடி அசிங்கமா இருக்கு, எடுன்னு மேனேஜர் சொல்றாரு" என்றார். நான் தட்டிலிருந்து தலையைக்கூட நிமிர்த்தாமல் ஒரு வரி சொன்னேன். அதற்குமேல் பேச எனக்குத் தெம்பில்லை.

இப்போது நான் வாயைத் திறந்தால் அவர் வேலை போகும். மேனேஜர் தன் பேச்சை ஒப்புக்கொள்கிற ஆள் இல்லை. திறக்காவிட்டால் டாக்டரம்மா மேஜைமேல் கிடக்கிற மாப்பிள்ளை போய்விடுவான். எனக்கு யார்மேல் என்று தெரியாமல் கோபம் கோபமாக வந்தது. போனை எடுத்தேன்.

"என்னங்க, முந்தாநாள் புல்லுக்கு என்ன மருந்து அடிச்சீங்க?"

"ஏன்?"

"ஒரு நாய் சாகக் கெடக்கு."

"பேரு வாய்ல நுழையல. டப்பாவையே எடுத்துட்டு வரேன்."

"வாட்ச்மேன்கிட்ட குடுத்து விடுங்க. நீங்க வராதீங்க."

அவர் வைத்துவிட்டார். பத்து நிமிடத்தில் சைக்கிளை வாசலில் போட்டுவிட்டு, சீருடையோடு, சட்டை முதுகில் ஒட்டியிருக்க வந்து நின்றார். டாக்டரம்மா டப்பாவை வாங்கிப் படித்தார், ஊசியை ஏற்றினார்.

"கொடியை எடுத்தது நான்தான் சார்" என்றார் என் வீட்டுக்காரர், டிரைவரைப் பார்த்து.

டிரைவர் நாயின் காதைப் பிடித்தபடியே நின்றார். ஒரு மணி நேரத்தில் எச்சில் நின்றது. துடிப்பு அடங்கி, மாப்பிள்ளை தலையைத் தூக்கி அவர் கட்டைவிரலை நக்கினான். எனக்குப் போன உயிர் திரும்பி வந்தது.

டாக்டரம்மா கையைக் கழுவிக்கொண்டே கேட்டார். "காலையில தின்னும்போதே ஒரு போன் பண்ணியிருக்கலாமே சார்?"

டிரைவர் என்னைப் பார்த்தார். போனில் பேசிய குரல் எது என்று அவருக்குத் தெரிந்திருந்தது.

"தோணல டாக்டர்" என்றார்.

என் டீ டம்ளர் அட்டையின் மேலேயே ஆறிக் கிடந்தது. அவர் சொன்னதை அப்படியே விட்டிருக்கலாம். அவ்வளவு களைப்பு எனக்கு.

"அவர் கூப்பிட்டார் டாக்டர்" என்றேன். "நான்தான் ஒண்ணும் ஆகாதுன்னு சொன்னேன். மருந்து அடிச்ச புல்லான்னு கேக்கல."

டாக்டரம்மா குழாயை மூடினார். என் வீட்டுக்காரர் வேண்டாம் என்பது போல லேசாகத் தலையை ஆட்டினார். நேற்றைய சாப்பாட்டுப் பேச்சையும் சொல்லிவிடுவேன் என்று அவருக்குப் புரிந்திருக்க வேண்டும்.

"கொடியை எடுக்கச் சொல்றாங்கன்னு நேத்து இவர் என்கிட்ட சொன்னார். எடுத்துடுங்க, வேலையைக் காப்பாத்திக்கங்கன்னு சொன்னதும் நான்தான்."