பின்சீட்டு

மகன் சக்கர நாற்காலியைக் காருக்குப் பக்கத்தில் நிறுத்தியதும் மாமனார் கையை நீட்டி முன்கதவைத்தான் பிடித்தார்.

"அங்க இல்ல மாமா, பின்னாடி," என்றாள் மருமகள்.

"பின்சீட்டு நமக்கு எதுக்கு, சின்னம்மா?"

இனிச் செய்வதற்கு ஒன்றுமில்லை, வீட்டுக்கே அழைத்துப் போங்கள் என்று டாக்டர் சொல்லி அரைமணி நேரம்கூட ஆகவில்லை. மூச்சு இழுத்து இழுத்து வந்தது. வீம்பு மட்டும் குறையவில்லை.

அவள் அப்பாவுக்கு முப்பது வருஷம் கார் ஓட்டியவர். அவளைப் பள்ளிக்கூடத்தில் கொண்டுபோய் இறக்கும்போதெல்லாம், பிள்ளைக்குத் தலை இடித்துவிடக் கூடாதென்று கதவின் மேல்விளிம்பில் கையை வைத்துக்கொள்வார். பிறகு ஓட்டக் கற்றுக்கொடுத்தவரும் அவர்தான். அவர் மகனை அவள் கட்டிக்கொண்ட அன்றைக்கே அவருக்கு வேலை போனது, அவளுக்குப் பிறந்த வீடு போனது. பதினோரு வருஷம் ஒரே கூரைக்குக் கீழே இருந்தும் அவருக்கு அவள் முதலாளி வீட்டுச் சின்னம்மாதான். கெஞ்சியும் பார்த்தாள், கோபித்தும் பார்த்தாள். சிரித்து மழுப்பிவிடுவார். மகனை வாய்க்கு வாய் கழுதை என்கிற மனுஷர், அவள் சமையலைத் தீய்த்து வைத்தாலும் நன்றாக இருக்கிறதென்று தின்றுவிட்டுப் போவார்.

முன்சீட்டில் ஒரு பழக்கூடை இருந்தது. காலையில் அவள் அப்பா கொடுத்தனுப்பியது. ஆள் வரவில்லை. கூடைதான் வந்தது.

"முதலாளி முன்னாடி, டிரைவர் பின்னாடியா? நல்ல கூத்து."

"இன்னிக்கு டிரைவர் நான். சொன்னபடி கேளுங்க."

பின்னால் ஏறி, பக்கத்தில் உட்கார்ந்த மகன் தோளில் சாய்ந்துகொண்டார்.

மெல்லத்தான் ஓட்டினாள். மேட்டில் ஏறும்போது கண்ணாடியில் அவர் முகத்தையே பார்த்தபடி கிளட்ச்சை மிதித்துக்கொண்டே போனாள். கற்றுக்கொண்ட நாளிலிருந்து இதே தப்பு. கொஞ்சம் காலை எடுத்துக்குங்க சின்னம்மா என்று அவரும் அன்றிலிருந்து பணிவாகச் சொல்லிக்கொண்டுதான் இருக்கிறார்.

"கிளட்ச்லேர்ந்து காலை எடு, கழுதை."

மகன் குனிந்து பார்த்தான். "நான் எங்க ஓட்டறேன், அப்பா?"

"உன்னை யாரு சொன்னா?"

அவள் காலை எடுத்தாள். வண்டி சீராக மேடேறியது.

வீட்டு வாசலில் வண்டி நின்றதும் மகன், "அப்பா," என்றான். கொஞ்சம் பொறுத்து, மெதுவாக, மறுபடியும் "அப்பா" என்றான்.

அவள் இன்ஜினை நிறுத்தினாள். இறங்கிச் சுற்றி வந்து பின்கதவை அகலத் திறந்தாள். மகன் அவரை இரு கையிலும் ஏந்தி வெளியே எடுத்து முடிகிறவரை, கதவின் மேல்விளிம்பில் உள்ளங்கையை வைத்துக்கொண்டு நின்றாள்.