கலாதேவி பெயரில் ஒரு குப்பி ரத்தம்

1.

இது கதையாகத் தொடங்கவில்லை. நான் வேலை பார்க்கும் நிறுவனம் தன் ஆண்டு மலருக்காக முந்நூறு சொற்களில் ஒரு வெற்றிக் கதை கேட்டது. எழுத உட்கார்ந்தேன். முந்நூறு சொற்கள் வந்தன, வெற்றி வரவில்லை. பிறகு ஈப்போவில் நான் போகும் மாலை வகுப்பின் நோட்டில் அதையே மறுபடி எழுதினேன். நான் தேதி போட்டு, ஒழுங்காகக் குறிப்பெடுக்கிறவள். அப்படி எடுத்த குறிப்புகளை எத்தனை முறை படித்தாலும் குழப்பம்தான் மிஞ்சுகிறது.

முதல் தொடக்கம்: "ஈப்போவிலிருந்து நாற்பது நிமிடத் தொலைவில், ஒரு காலத்தில் ரப்பர்ப் பால்மரங்கள் நின்ற தோட்டத்தில், காலைக் கதிரவன் தன் பொற்கரங்களை" (விட்டுவிட்டேன். அன்று மழை.)

இரண்டாம் தொடக்கம்: "மூன்று இலைத் திட்டம் பெண்களின் வாழ்வில்" (இப்படித்தான் மலரில் எல்லாமே தொடங்கும்.)

மூன்றாவது: ஷாமினி கடிதத்தைப் பையில் வைத்துக்கொண்டு கலாதேவியின் வீட்டு வாசலில் நின்றாள்.

இது இருக்கட்டும்.

2.

அதற்குமுன் திட்டத்தைச் சொல்லிவிட வேண்டும். சுகாதாரம் ஓர் இலை, சுற்றுச்சூழல் ஓர் இலை, வருமானம் ஓர் இலை. வீட்டுக்கு ஓர் அட்டை, அதுவும் பெண்கள் பெயரில். ரத்தப் பரிசோதனைக்கு வந்தால் ஒரு முத்திரை. செம்பனைத் தோட்டத்துக்கு நடுவே ஓடும் ஓடைக்கரையில் மரம் நட்டால் இன்னொன்று. எல்லா அட்டைகளிலும் முத்திரை விழுந்தால், முறுக்கு சுட்டு விற்கும் பெண்களுக்கு நிறுவனம் ஓர் அடுப்புக் கொட்டகை கட்டித் தரும். தோட்டத்து அறுபது வீடுகளில் முறுக்கு சுடும் இருபத்திரண்டு வீடுகள் அந்தக் கொட்டகைக்குக் காத்திருந்தன.

ஷாமினி திட்டத்தின் கள உதவியாளர். பரிசோதனை நடந்த அன்று பதிவு மேசையில் அவள்தான் இருந்தாள். ரத்தம் எடுத்த மேசை ஆலய மண்டபத்தின் மறுகோடியில். அங்கே அட்டையின் எண்ணை மட்டும்தான் பார்த்தார்கள்.*

* முகத்தை ஏன் பார்க்கவில்லை என்று கேட்பீர்கள். நானும் கேட்டேன். ஒரு காலையில் அறுபது கைகள், இரண்டே தாதியர்.

3.

"அக்கா, ரத்தப் பரிசோதன ரிசல்ட் வந்திருக்கு," என்றாள் ஷாமினி. "சிறுநீரகம் ரொம்ப மோசமா இருக்குன்னு போட்டிருக்கு. ஒடனே ஆஸ்பத்திரிக்குப் போவணும்."

கலாதேவி கடிதத்தை வாங்கிப் பார்த்தார். முகம் மாறவில்லை.

"நீ பயப்படாத. இது என் ரத்தமே இல்லலா."

"உங்க பேருதான்க்கா போட்டிருக்கு."

"பேரு என்னுது. ரத்தம் என்னுது இல்ல. அன்னிக்கு எனக்கு பேக்டரில காலை ஷிப்ட். ஆறே முக்காலுக்கே கிலாங் பஸ் வந்துருச்சு. அட்டைய விமலாகிட்ட குடுத்துட்டு ஏறிட்டேன்."

(ஷாமினி இந்த இடத்தில் கோபப்பட்டாளா? குறிப்பில் இல்லை. 'வியர்த்தது' என்று மட்டும் இருக்கிறது.)

பக்கத்து வீட்டு விமலாதான் முறுக்குக் குழுவின் தலைவி. கை மாவோடு வந்தார்.

"நான்தான் ரெண்டு தடவ குடுக்கலாம்னு நெனச்சேன். ஒரு தடவ குத்தி பஞ்சு ஒட்டிட்டாங்க. மறுபடி போய் நின்னா அந்த ஊசி குத்துற மிஸ்ஸி கண்டுபுடிச்சிருவா. அதான் பின்னாடி நின்ன ஆளுகிட்ட அட்டைய குடுத்தேன்."

"யாருகிட்ட?"

"திரும்பிப் பாக்கலலா. கைய பின்னால நீட்டினேன். யாரோ வாங்கிக்கிட்டாங்க. அட்டை முத்திரையோட திரும்பி வந்துருச்சு."

"யாருன்னுகூட கேக்கலயா?"

"எதுக்குக் கேக்கணும்? நம்ம ஆளுங்கதான."

இதை வெளியாருக்கு விளக்குவது கடினம். தோட்டத்தில் விடிகாலையில் பெரட்டில், வேலைக்கு வந்தவர்களை எண்ணும் வரிசையில், பெயர் கூப்பிடுவார்கள். வராதவருக்குப் பதில் பக்கத்தில் நிற்பவர் குரல் கொடுப்பார். தோட்டம் கைமாறி, பெரட்டு நின்று இருபது ஆண்டுகள் ஆகின்றன. ஆனால் ஒருவருக்காக இன்னொருவர் நிற்பது இன்றும் நிற்கவில்லை. விமலாவுக்கு அது பொய்யாகவே தோன்றவில்லை. வரிசையில் ஓர் இடம் காலியாகாமல் பார்த்துக்கொண்டார், அவ்வளவுதான்.

4.

மறுநாள் ஷாமினி ஈப்போ அலுவலகத்தில் மேலாளர் தனேஷிடம் எல்லாவற்றையும் சொன்னாள்.

"கலாதேவிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பு," என்றார் அவர்.

"அவங்க ரத்தம் இல்லண்ணே."

"அவங்க பேருதான?"

"பேரு அவங்க பேருதான்."

"அப்ப அவங்களத்தான் அனுப்ப முடியும். ஆளு யாருன்னு தெரியாம நான் யாருக்கு லெட்டர் போடுறது?"

"எல்லாருக்கும் மறுபடி ரத்தம் எடுக்கலாம்."

தனேஷ் கதவைச் சாத்திவிட்டு வந்தார். "ஏன் மறுபடினு மேல கேப்பாங்க. அட்டை மாறிப்போச்சுனு சொன்னா அந்தத் தோட்டத்து ரிசல்ட் அத்தனையும் தூக்கிப் போட்டுருவாங்க. கொட்டகையும் போயிரும். அப்பறம் விமலாக்கா முகத்துல நீதான் முழிக்கணும்."

(எழுதிப் பார்த்தால் தனேஷ் கெட்டவராகத் தெரிகிறார். அப்படி இல்லை. அந்தக் கொட்டகைக்காக மேலிடத்தில் மூன்று முறை கெஞ்சியவர் அவர்தான்.)

கலாதேவி ஒரு நாள் விடுப்பு எடுத்து ஆஸ்பத்திரிக்குப் போனார். சிறுநீரகம் நன்றாக இருந்தது. இருக்காதா? அந்த இரண்டாவது அறிக்கை அலுவலகத்துக்கு வந்தது. முதல் அறிக்கையில் நோய், இரண்டாவதில் நோய் இல்லை. மலர்க் குழுவில் யாரோ இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்திருக்கிறார்கள்.

என்னிடம் கேட்ட வெற்றிக் கதை அதுதான்.

5.

ரத்தம் கொடுத்த அட்டைக்காரப் பெண்கள் எல்லாருக்கும் அவரவர் முடிவு வந்துவிட்டது. ஆகவே அந்தக் குப்பி அட்டை இல்லாத ஒருவருடையது. அப்படிச் சிலர் வரிசையில் நின்றார்கள், ரத்தம் கொடுத்தவர்களுக்குத் தந்த நாசி லெமாக் தேங்காய்ச் சோற்றுப் பொட்டலத்துக்காக. ஷாமினி எட்டுப் பெயர்களைத் திரட்டினாள். கட்டம் போட்டு எழுதினாள். ஞாயிற்றுக்கிழமை வீடு வீடாகப் போனாள், விமலாவும் கூட வந்தார்.

எல்லாரும் ஒன்றையே சொன்னார்கள். நான் இல்லை. விமலா பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருக்கிறார், ஒப்புக்கொண்டால் கொட்டகை போய்விடும் என்று எல்லாருக்கும் தெரியும். வேறு என்ன சொல்வார்கள்?

கேள்வியை மாற்றினாள். "நீங்களான்னு கேக்கல. அரசாங்க கிளினிக்ல ஒரு தடவ ரத்தம் பாத்துட்டு வந்துருங்க. போதும்."

ஆறு பேர் போனார்கள். ஆறு பேருக்கும் ஒன்றுமில்லை. ஏழாவது பத்துமலை, ஐம்பத்தெட்டு வயது, காவலாளி வேலை.

"போய்ட்டு வந்துட்டேன்மா," என்றார்.

"பேப்பர் காட்டுங்கண்ணே."

"மோட்டார் சைக்கிள்ல வெச்சிருந்தேன். மழைல நனைஞ்சிருச்சு."

"எந்த கையில எடுத்தாங்க?"

பத்துமலை இரண்டு கைகளையும் நீட்டிப் பார்த்தார். "நீ என்னம்மா, போலீஸ்ல இருக்க வேண்டியவ. இந்த ஒடம்புல கள்ளு ஓடுது. அத எடுத்திருந்தா மிஷினுக்கே மயக்கம் வந்திருக்கும்." விமலா சிரித்தார். ஷாமினிக்குச் சிரிப்பு வரவில்லை. கட்டத்தில் ஒரு கேள்விக்குறி போட்டாள்.

எட்டாவது தர்மா. முப்பத்து நான்கு வயது, தனியாள். வீட்டில் பெண்கள் இல்லை, அதனால் அட்டையும் இல்லை. திட்டத்தின் எந்த இலையிலும் அவர் கிடையாது. பரிசோதனை முடிந்த இரண்டாம் வாரமே தெலுக் இந்தானுக்கு லாரி ஓட்டப் போய்விட்டார். வீடு பூட்டியிருந்தது.

6.

முடிவு அ: பத்துமலை மனம் மாறி கிளினிக்குக்குப் போகிறார். அவர்தான். (எழுதிவிடலாம், தர்மா தப்பிப்பார். ஆனால் நான் எழுதிய வரியால் பத்துமலைக்கு நோய் வந்துவிடுகிறதே.)

முடிவு ஆ: ஷாமினி தெலுக் இந்தானுக்குப் பஸ் ஏறுகிறாள். லாரிகள் நிற்கும் இடத்தில் தர்மாவைக் கண்டுபிடிக்கிறாள். அவர் அவளைப் பார்த்ததும்

(நிறுத்திவிட்டேன். பஸ் ஏறியது உண்மை. அங்கே ஒரு டிரைவர் டயரில் சாய்ந்தபடி சொன்னார்: "அவன் வேலைய விட்டு நின்னுட்டான் தங்கச்சி. ஹுத்தான் மெலிந்தாங்ல மீன் லாரி ஓட்டுறான்னு சொன்னாங்க. நம்பரும் மாத்திட்டான். நல்லவன்தான், ஆனா மத்தியானத்துக்கு மேல கால் வீங்கிரும், செருப்ப கழட்டிப் போட்டுட்டுத்தான் ஓட்டுவான்." ஷாமினி ஹுத்தான் மெலிந்தாங் வரைக்கும் போனாள். மீன் லாரிகள் விடிவதற்குள் கிளம்பிவிட்டிருந்தன.)

முடிவு இ: மலரில் அச்சான முடிவு. கலாதேவி சிரிக்கிறார், படத்துக்குக் கீழே 'குணமடைந்தார்'. கொட்டகைக்குக் கம்பி இறங்கிவிட்டது.

கால் வீங்கினால் சிறுநீரகம்தான் என்று இல்லை. நாள் முழுக்க உட்கார்ந்து ஓட்டினாலும் வீங்கும். பத்துமலைக்கும் வீங்குகிறது. கேட்டேன்.

7.

இனி ஒன்றைச் சொல்லியே ஆக வேண்டும். இதில் உள்ள பெயர்கள் எவையும் உண்மையான பெயர்கள் அல்ல. ஷாமினி நான்தான், ஆனால் அது என் பெயர் இல்லை. விமலா என்று இங்கே எழுதப்பட்டவர் போட்ட நிபந்தனை அது. "எழுதுலா, வேணாங்கல. ஆனா பேரு வேணாம். அந்த லாரிக்காரன் பேரு மாதிரி பேரு இந்த வட்டாரத்துலயே ஒண்ணுதான். போட்டா எந்தத் தோட்டம்னு ஆபீஸ்ல கண்டுபுடிச்சிருவாங்க."

சரி என்று மாற்றிவிட்டேன். மாற்றி முடித்த பிறகுதான் உறைத்தது. இந்தக் கதையை ஒரு ஞாயிறு இதழுக்கு அனுப்பப்போகிறேன். லாரிக்காரர்கள் சாப்பிடும் கடை மேசையில் அந்த இதழ் கிடக்கும். யாராவது படித்துவிட்டு, "டேய், இது உன்னப் பத்திடா," என்று அவரிடம் சொல்ல வழி இருக்கிறது. ஆனால் தர்மா என்ற பெயரில் படித்தால் யார் சொல்வார்கள்? கலாதேவியின் பெயருக்குப் போன கடிதம்போல, இதுவும் வேறு ஆளுக்குத்தான் போய்ச்சேரும்.

விமலா அக்காவிடம் இதைச் சொன்னேன். அவர் மாவுக் கையைத் துடைத்துக்கொண்டார். பிறகு, "நோட்ட குடு, படிச்சிட்டு சொல்றேன்," என்றார். சரியா தவறா என்று தெரியாமலேயே கொடுத்தேன். இருபத்திரண்டு வீடுகளை ஒரு பக்கமும் ஓர் ஆளை இன்னொரு பக்கமும் வைத்து எனக்குப் பார்க்கத் தெரியவில்லை. அந்த ஆள் தர்மாதானா என்பதுகூட எனக்கு உறுதியில்லை. கடைசிப் பக்கத்தில் அவருடைய உண்மைப் பெயருக்காக ஒரு கோடு மட்டும் விட்டிருக்கிறேன். விமலா அக்கா எப்படித் திருப்பித் தருகிறாரோ அப்படியே அனுப்பிவிடுவேன்.

நீங்கள் படிக்கும்போது கோட்டின்மேல் ஒரு பெயர் இருந்தால், அவரை உங்களுக்குத் தெரிந்தால், கிளினிக்குக்கு அனுப்புங்கள். கோடு வெறுமையாக இருந்தால், ஹுத்தான் மெலிந்தாங் பக்கம் செருப்பைக் கழற்றிப் போட்டுவிட்டு லாரி ஓட்டுகிற எல்லாரையும் அனுப்புங்கள்.

பெயர்: ______________________