தொட வந்த கை

போதகர் என் கணவரின் நாக்கில் திருவிருந்து அப்பத்துண்டை வைத்தபோது நான் கதவருகே நின்றிருந்தேன். கட்டிலை ஒட்டி நிற்க எனக்குப் பழக்கமில்லை. நோய் அவரைப் பாதியாக்கியிருந்தது. வலது கை மட்டும் அப்படியே இருந்தது. இருபத்திரண்டு வருடம் பேருந்து ஓட்டிய கை. பூட்டில் சாவி திரும்பும் சத்தத்தை வைத்தே, அன்று அந்தக் கை என்ன செய்யும் என்று எனக்குத் தெரிந்துவிடும்.

போன மாதம் எல்லாவற்றையும் போதகரிடம் சொல்லி அழுதார். என்னை அடித்ததை, ஒவ்வொன்றாக. நடிப்பில்லை. நடிப்பாக இருந்திருந்தால் எனக்கு இவ்வளவு பயம் வந்திருக்காது.

ஜெபம் முடிந்ததும் நாத்தனார் கண்ணைத் துடைத்துக்கொண்டே சிரித்தாள். "கவலைய விடுங்க அண்ணி. பரலோகத்துல அண்ணன் முன்னாடியே போய்த் துண்டு போட்டு, பக்கத்துல உங்களுக்கு இடம் பிடிச்சு வெச்சிருப்பாரு."

கட்டிலில் கிடந்தவரும் சிரித்தார். அவர் பக்கத்தில். அதுவும் முடிவே இல்லாமல்.

போதகரை வழியனுப்பப் படியிறங்கும்போது கேட்டுவிட்டேன். "ஐயா, ஆண்டவர் நெஜமாவே அவர மன்னிச்சுட்டாரா?"

"சந்தேகமே வேண்டாம்மா. இப்ப அவர் புது மனுஷன்."

"எனக்குத் தெரியுதுங்கய்யா. என் ஒடம்புக்குத்தான் தெரியல."

போதகர் வேதாகமத்தை ஒரு கையிலிருந்து மறு கைக்கு மாற்றிக்கொண்டார். பிறகு குனிந்து செருப்பைத் தேடினார்.

நாத்தனாரும் பின்னாலேயே இறங்கி வந்து கிளம்பிவிட்டாள். நான் மேலே வந்தேன். கணவர் தண்ணீர் கேட்டார். குனிந்து கொடுத்தேன். அந்தக் கை போர்வையை விட்டு மெல்ல எழுந்தது. என் முழங்கை தானாகவே முகத்தை மறைத்தது. தம்ளர் கவிழ்ந்து அவர் மார்பெல்லாம் தண்ணீர்.

துடைக்கச் சொல்லவில்லை. என் முழங்கையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"தலையத் தொடலாம்னுதான்…"

"தெரியும்."

"அங்க, பரலோகத்துக்கு வந்தும் இப்படித்தான் பயப்படுவியா?"

கவிழ்ந்த தம்ளரை எடுத்து நிமிர்த்தி வைத்தேன்.

"இந்தக் கையக் கட்டிப் போடு," என்றார். "கட்டிட்டு, கொஞ்ச நேரம் பக்கத்துல உக்காரு."

விளையாட்டுக்குச் சொல்கிறாரா என்று முகத்தைப் பார்த்தேன். இல்லை. கொடியில் கிடந்த என் பழைய புடவையிலிருந்து ஒரு பட்டையைக் கிழித்தேன். முடிச்சு இரண்டு முறை நழுவியது. அவர் கையைக் கட்டில் கம்பியோடு ஒட்டி அசையாமல் வைத்துக்கொண்டு, முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டார்.