மலர் கொடுத்த கிளாம்ப்

மலேசியாவின் கிள்ளான் ஊரில் இருபது வருடமாக ஹார்ட்வேர் கடை வைத்திருக்கிறேன். யாராவது கிளாம்ப் என்று வாயைத் திறந்தால் போதும், நான் பாட்டுக்குப் பேசிக்கொண்டே போவேன். பலகை ஒட்டும்போது இறுக்கிப் பிடிக்க ஒன்று, தண்ணீர்க் குழாய்க்கு ஒன்று, லோரி பேட்டரிக்கு ஒன்று, தைப்பூசக் காவடியை இடுப்பு வளையத்தோடு சேர்த்துப் பிடிக்க ஒன்று. எல்லாவற்றுக்கும் ஒரு மாதிரி எடுத்துக் கடைச் சுவரில் வரிசையாக மாட்டியிருக்கிறேன். என் மனைவி மலர்விழிக்கு அதைப் பார்த்தாலே சிரிப்பு. அவள் ஆபரேஷன் தியேட்டரில் தாதி.

"உங்க கிளாம்ப் கழண்டா தண்ணி ஒழுகும், தவுக்கே. எங்க கிளாம்ப் கழண்டா ஆளே போயிடுவான் லா" என்பாள். கடை முதலாளி என்று கேலியாக என்னைத் தவுக்கே என்றுதான் கூப்பிடுவாள். ரத்தக் குழாயைப் பிடித்து நிறுத்த, கத்தரிக்கோல் மாதிரி ஒன்று அவர்களிடம் இருக்கிறதாம். கல்யாணம் ஆன நாளிலிருந்து, எட்டு வருடமாக எங்களுக்குள் இந்தச் சண்டை. நானும் விட்டுக்கொடுத்ததில்லை.

அந்த எட்டு வருடமும் காத்திருந்து, போன மாதம் எங்களுக்கு ஒரு பெண் பிறந்தாள். சிசேரியன். பாப்பாவின் தொப்புள்கொடியில் ஒரு வெள்ளைப் பிளாஸ்டிக் கிளாம்ப் மாட்டி வீட்டுக்கு அனுப்பினார்கள். என் சுண்டுவிரல் நீளம்கூட இல்லை. எட்டாம் நாள் கொடி காய்ந்து, கிளாம்போடு விழுந்தது. அப்போது நான் கடையில் இருந்தேன். மலரோடு வேலை பார்க்கிற லெட்சுமி அன்று பாப்பாவைப் பார்க்க வந்திருந்தாள். நான் வீட்டுக்குப் போவதற்குள் கிளம்பிவிட்டாள். மலர் ஒரு டிஷ்யூவைப் பிரித்துக் காட்டினாள். கிளாம்பின் வாயில் பழுப்பாக, சுருங்கிப்போய் ஒரு துணுக்கு இருந்தது.

அதை வெள்ளித் தாயத்தில் அடைத்து, முப்பதாம் நாள் பாப்பாவின் அரைஞாண் கயிற்றில் கட்ட வேண்டும் என்பது மலருடைய ஆசை. எனக்கு இதிலெல்லாம் நம்பிக்கை கிடையாது, கேலியும் செய்திருக்கிறேன். பிரிக்ஃபீல்ட்ஸில் நகை செய்கிற சிவநேசன் அண்ணன், கிளாம்பை எடுத்துவிட்டுக் கொண்டுவரும்படி சொல்லியிருந்தார்.

"வெட்டி எடுத்துடலாமே" என்றேன்.

"ஒரு தடவை வெட்டினது போதும். இனிமே கத்தி படக் கூடாது. கிளாம்பைத்தான் எடுக்கணும். அதுக்குன்னே ஒரு கட்டர் வார்டுல இருக்கு. லெட்சுமிகிட்ட கேக்கவா?"

எனக்குச் சுருக்கென்றது. "கிளாம்ப் விக்கிறவன் வீட்டுல கிளாம்ப் கழட்ட வெளியாளா? குடு இங்க. அஞ்சு நிமிஷ வேலை."

மலர் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தாள். பார்க்கத்தான் செய்வாள். மூன்று வருடத்துக்கு முன் அவளுடைய கொலுசு ஒன்றின் கொக்கி உடைந்துபோனது. செத்துப்போன அவள் அம்மா போட்டுவிட்ட கொலுசு. அதையும் இதே அஞ்சு நிமிஷம் சொல்லித்தான் கடைக்கு வாங்கிப் போனேன். அதற்குப் பிறகு அதை நான் கண்ணால் பார்க்கவில்லை. "கடையிலதான் இருக்கு, எங்க போயிடும்?" என்று மூன்று வருடமாகச் சாதித்துக்கொண்டிருக்கிறேன். ஜோடிக் கொலுசு அலமாரியில் ஒற்றையாகக் கிடக்கிறது.

மறுநாள் காலை கடையில் உட்கார்ந்தேன். பிளாஸ்டிக் பொடிசு, இது என்ன பெரிய விஷயம் என்றுதான் நினைத்தேன். சனியன், ஒரு தடவை பூட்டினால் திறக்காத மாதிரி பல் வைத்துச் செய்திருக்கிறான். ஸ்க்ரூடிரைவர் வைத்து நெம்பினேன், அசையவில்லை. ஊசி மூக்குப் பிளையர் வழுக்கியது. கடைசியில் மேசையோடு பொருத்திய வைஸின் இரும்புத் தாடைக்குள் ஒரு பக்கத்தைக் கொடுத்து லேசாக, நிஜமாகவே லேசாகத்தான், இறுக்கினேன். 'டிக்' என்று எங்கேயோ தெறித்துப் போனது. கிளாம்பும் இல்லை, கொடியும் இல்லை.

முட்டி போட்டுத் தேடினேன். ஆணிப் பெட்டி, நட்டுப் பெட்டி, பெயின்ட் டின்னுக்குப் பின்னால், எங்கும் இல்லை. அந்த நேரம் பார்த்துப் பக்கத்துச் சாப்பாட்டுக் கடை ஹைதர் வந்து நின்றார்.

"பாஸ், கேஸ் டியூபுக்கு ஒரு கிளாம்ப் வேணும்."

"இன்னைக்குக் கிளாம்ப் இல்ல!" என்று தரையிலிருந்தே கத்தினேன்.

ஹைதர் சுவரைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "அப்ப மேல தொங்குறது என்ன, கருவாடா?" என்று கேட்டுவிட்டுத் தானே ஒன்றை எடுத்துக்கொண்டு போனார்.

கொஞ்ச நேரத்தில் போன் வந்தது. "ஆச்சா, தவுக்கே?"

"ஆச்சு, ஆச்சு."

"கொடி முழுசா வந்துச்சா?"

"முழுசா."

"கெட்டிக்காரரு" என்றாள் மலர்.

மதியம் வரை தேடியதில் ஒன்றே ஒன்றுதான் கிடைத்தது. அடி ரேக்கின் பின்னால், தூசியும் நூலாம்படையுமாக, அந்தக் கொலுசு. சந்தோஷப்படக்கூட முடியவில்லை. இதைக் கொடுத்தால், இப்ப எதைத் தேடப் போய் இது கிடைச்சுது என்று கேட்பாளே! ஒரு பேப்பரில் சுற்றிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டேன்.

பிறகு நான் செய்ததைச் சொல்ல வெட்கமாக இருக்கிறது. எதிர் மளிகைக் கடையில் ஒரு துண்டு சுக்கு வாங்கி, ஒரு முனையை ஒடித்து, சிவநேசன் அண்ணனிடம் கொண்டுபோனேன். அவர் தாயத்துக்குள் போடுமுன் மோந்து பார்த்தார்.

"சுக்கு வாசம் வருதே தம்பி?"

"பிள்ளை பெத்த வீடு இல்லையா அண்ணே. எல்லாமே அந்த வாசம்தான்."

மூன்று வாரம் எனக்குச் சோறு இறங்கவில்லை. மலர் சுக்குத் தட்டிப் போட்டுக் கஷாயம் வைத்தால் நான் எழுந்து வாசலுக்குப் போய்விடுவேன். "என்ன தவுக்கே, வாசம் ஒத்துக்கலையா?" என்று அன்பாகக் கேட்பாள்.

முப்பதாம் நாள் பாப்பாவைக் குளிப்பாட்டிச் சாம்பிராணி காட்டி மடியில் கிடத்திக்கொண்டாள். தாயத்தை எடுத்துக் கண்ணில் ஒற்றினாள். "அப்பா தன் கையால எடுத்துக் குடுத்ததுடி, தங்கம்" என்று கயிற்றில் கோக்கப் போனாள். எனக்குத் தாங்கவில்லை.

"மலர், கட்டாத. அது சுக்கு."

"என்னது?"

"கொடி இல்ல. தொலைச்சுட்டேன். என் கையாலயே தொலைச்சுட்டேன் மலர். அது வழியாத்தான இவ உனக்குள்ள சாப்பிட்டா... எட்டு வருஷம் கழிச்சு வந்தவ. அதைப் போய்..." மேலே பேச முடியாமல் அழுதுவிட்டேன்.

மலர் தலையைக் குனிந்துகொண்டாள். தோள் குலுங்கியது. ஐயோ, இவளையும் அழ வைத்துவிட்டோமே என்று கிட்டே போனால், சிரிக்கிறாள்!

"ஐயோ, தையல் வலிக்குது... அந்த டிராயரைத் திறங்க."

உள்ளே ஒரு சின்ன டப்பாவில், பஞ்சுக்கு நடுவே கொடி பத்திரமாக இருந்தது. லெட்சுமி வந்த அன்றே வார்டு கட்டரைக் கொண்டுவந்து கிளாம்பை எடுத்துவிட்டாளாம். அவளே கொண்டுவந்த வேறொரு புதுக் கிளாம்பில் ஒரு துண்டு சுக்கைக் கவ்வ வைத்துத்தான் என்னிடம் நீட்டியிருக்கிறாள் மலர். ஆக, நான் தொலைத்ததும் சுக்கு, வெள்ளியில் அடைத்து வாங்கி வந்ததும் சுக்கு.

"அடிப் பாவி! மூணு வாரம்டி!"

"எனக்கு மூணு வருஷம்" என்றாள். சிரிப்பு நின்றுவிட்டது. "அம்மா கொலுசைத் தொலைச்சுட்டேன்னு ஒரே ஒரு தடவை நீங்க சொல்லியிருந்தா நான் அழுதுட்டு விட்டிருப்பேன். கடையில இருக்கு, கடையில இருக்குன்னு சொல்லி என்னை நம்பவும் விடல, விட்டுத்தொலைக்கவும் விடல."

மூன்று வாரமாகச் சட்டைக்குச் சட்டை மாற்றி வைத்திருந்த பேப்பர் பொட்டலத்தைப் பையிலிருந்து எடுத்து அவள் முன்னால் வைத்தேன். பிரித்தவள் அப்படியே உட்கார்ந்துவிட்டாள். சேலை முந்தானையால் ஒவ்வொரு மணியாகத் தூசி துடைத்தாள். கண்ணீர் அதன் மேலேயே விழுந்தது, அதையும் துடைத்தாள். காலில் வைத்துப் பார்த்தாள். கொக்கி உடைந்ததுதானே, நிற்கவில்லை.

"அதுக்கென்ன, குடு, அஞ்சு நி..."

"வாயைத் திறந்தீங்கன்னா பாருங்க" என்றாள் மலர், கண்ணைத் துடைத்துக்கொண்டே. "சிவநேசன் அண்ணன்கிட்ட நானே கொண்டுபோறேன். நீங்க பாப்பாவைப் பிடிங்க."

பாப்பாவைத்தான் என் கையில் கொடுத்தாள். கொலுசைக் கொடுக்கவில்லை.