பெயர் மறைத்த கார்

கறுப்பு டேப்பால் பெயரை மறைத்திருந்த அந்தக் காரைச் சுற்றி ஆறு இளைஞர்கள் நின்றார்கள். ஒருவரும் அதைத் தொடவில்லை. ஒருவன் போனில் எதையோ பார்த்துக்கொண்டிருந்தான். அவர்கள் பக்கம் முகம் பார்க்கும் கண்ணாடியாக மட்டும் தெரியும் சுவருக்குப் பின்னால், எங்கள் அறையில், காரை வடிவமைத்த வால்ட் சொபீஸ்கி அவர்களை அழுகிய தக்காளியைப் பார்ப்பதுபோலப் பார்த்தார்.

"பாரு பெவ், காரைப் பாருன்னா போனைப் பார்க்குது. இதுங்களுக்கு நாலு சக்கரமும் ஒரு சார்ஜரும் போதும்," என்றார் என்னிடம்.

டெட்ராய்ட்டைச் சுற்றி இந்த வேலையைப் பத்தொன்பது வருடமாகச் செய்கிறேன். இன்னும் விற்பனைக்கு வராத காரை முகம் தெரியாத ஆட்களுக்குக் காட்டி, பத்துக்கு மார்க் வாங்கிக் கொடுப்பேன். முப்பது வயதுக்குக் கீழே உள்ளவர்களின் சராசரி ஆறைத் தாண்டினால்தான் வால்டின் கார் தொழிற்சாலைக்குப் போகும். இல்லாவிட்டால் இந்த ஒற்றை மாதிரியை நசுக்கிவிடுவார்கள். ஓய்வுக்கு முன் அவருக்கு இதுதான் கடைசி.

நீண்ட மூக்கு, தாழ்ந்த கூரை, இறுக்கிய முஷ்டி மாதிரி பின்புறம். பதினேழு வயதில் ஆசைப்பட்டு வாங்க முடியாமல் போன காரை, அறுபத்து மூன்று வயதில் அடுத்தவன் பிள்ளைக்கு விற்கப் பார்த்தார். மேலிடமும் தலையாட்டியது, அங்கே எல்லோருக்கும் அதே வயது, அதே ஏக்கம். இளைஞர்களுக்கு என்ன பிடிக்கும் என்று முடிவுசெய்த அந்தக் கூட்டத்தில், இளமையாக இருந்தது அன்று காலை சுட்ட டோனட் மட்டும்தான். யாரையும் இகழக் கூடாது என்று ஒவ்வொரு காலையும் ஜெபித்துவிட்டுத்தான் வருகிறேன். ஒன்பது மணிக்கு மேல் அது தாங்குவதில்லை.

ஒலிபெருக்கியில் அவர்கள் பேச்சு கேட்டது.

"எங்கப்பா ரெண்டாங் கல்யாணம் பண்ணப்ப வாங்கின கார் மாதிரியே இருக்குடா," என்றான் டேரியன், போனிலிருந்து தலையைத் தூக்கி.

"உள்ள பேட்டரிதானாம். உறுமல் ஸ்பீக்கர்லேர்ந்து வருதாம்," என்றாள் ஒருத்தி. "அதை நான் போன்லயே கேட்டுக்கறேனே."

சிரித்தார்கள். வால்ட் எழுந்தார். வடிவமைத்தவர் கார் நிற்கும் கூடத்துக்குள் கால் வைக்கக் கூடாது என்பது விதி. கையைப் பிடித்தேன்; உதறிவிட்டுப் போனார்.

"உட்காராமலே மார்க் போடறீங்களா? இதுல எப்படி உட்காரணும்னு பாருங்க!"

தொப்பென்று இருக்கையில் விழுந்து பெடலை மிதித்தார். கூடம் முழுக்க உறுமியது. முகம் பூரித்துப்போயிற்று. பிறகு இறங்கப் பார்த்தார்.

கடைத்தெருவில் கார்களை நிறுத்துகிற அதே குறுகிய இடைவெளியில்தான் பக்கத்தில் இன்னொரு காரை நிறுத்தியிருந்தோம். அவருடைய காரின் நீளமான கதவு பாதிதான் திறந்தது. முழங்கால்கள் நெஞ்சுக்கு வந்தன. ஒருமுறை எழப் பார்த்தார், இன்னொரு முறை. மூன்றாம் முறை கூரை விளிம்பைப் பிடித்த கை வழுக்கி, மறுபடி உள்ளே விழுந்தார். உறுமல் நிற்கவில்லை. டேரியன் போனைத் தூக்கிப் பிடித்தான். கண்ணாடிக்குப் பின்னால், கர்த்தர் மன்னிக்கட்டும், நானும் சிரித்தேன்.

"போனை உள்ள வை," என்றாள் இமானி. வீடுவீடாகப் போய் முடியாதவர்களைப் பார்த்துக்கொள்கிற பெண். வயது இருபத்து நான்கு. குனிந்தாள். "அவசரமே இல்ல சார். ரெண்டு காலையும் ஒண்ணா வெளிய திருப்புங்க. ஆங். கையை என் தோள்ல போடுங்க. நான் சொன்னதும் மூக்கை முன்னால கொண்டுவாங்க. தினம் நாலு பேரை எழுப்பறேன், இன்னிக்கு நீங்க அஞ்சாவது."

எழுந்து நின்றார். அவர் சட்டையை இழுத்துச் சரிசெய்யும்வரை, முகம் மற்றவர்களுக்குத் தெரியாதபடி அவள் குறுக்கே நின்றுகொண்டாள்.

அவர்கள் கலைந்த பிறகு மார்க் போட்ட தாள்களைக் கூட்டிப் பார்த்தேன். சராசரி நான்கு.

"நீங்க உள்ள போயிட்டீங்க," என்றேன் வால்டிடம். "நான் அதைச் சொன்னா இந்தத் தாளெல்லாம் செல்லாது. அடுத்த மாசம் வேற ஆறு பேரைக் கூப்பிடுவாங்க. உங்களுக்கு இன்னொரு தடவை கிடைக்கும்."

அவர் தாள்களை நோக்கிக் கையை நீட்டினார். "அந்தப் பொண்ணோடது எது?" என்றார்.

கொடுத்தேன். அவர் உள்ளே போவதற்கு முன்பே எழுதியது. அழகு: ஒன்பது. வாங்குவீர்களா: மாட்டேன். ஏன்: என் ஆட்கள் நாலு பேரும் இதில் ஏற முடியாது, ஏறினால் இறங்க முடியாது.

இரண்டு முறை படித்தார். தாளை என் கையில் திணித்துவிட்டு வாகனம் நிறுத்துமிடத்துக்கு நடந்தார்.

எங்கள் அறையின் ஜன்னல் திறந்திருந்தது. இமானி தன் காரின் பூட்டைத் திறந்துகொண்டிருந்தாள். ரொட்டிப்பெட்டி மாதிரி உயரமான கார், பம்பரில் ஒரு நசுங்கல்.

"இதுல கொஞ்சம் உட்கார்ந்து பார்க்கட்டுமா?" என்றார் வால்ட்.

"பன்னெண்டுக்கு ஒருத்தருக்கு மாத்திரை கொடுக்கணும் சார்," என்றாள். ஆனாலும் பக்கத்துக் கதவைத் திறந்துவிட்டாள்.

உறைக்குள் போடுவதா, குப்பைக்கூடையில் போடுவதா என்று தெரியாமல் ஆறு தாள்களோடு நின்றேன். வால்ட் உட்கார்ந்தார், எழுந்தார். திரும்ப உட்கார்ந்து எழுந்தார். பிறகு அந்த அசிங்கமான காரின் முன்னால், ஏறுவெயிலில், மெல்ல ஒரு முழங்காலை ஊன்றி, கையை விரித்துத் தரையிலிருந்து இருக்கைவரை சாண் போட்டு அளக்க ஆரம்பித்தார். இமானி கதவு மூடிவிடாமல் பிடித்துக்கொண்டு நின்றாள்.