ஒரு வீட்டுக்கு இரண்டு அட்டை

டென்மார்க்கின் ஓடென்சே ஊரில் போடில் என்ற மூதாட்டி குடியிருந்த கட்டடத்துக்கு முதலாளி என்று யாரும் கிடையாது. லாபம் பார்க்காத சங்கத்து வீடுகள். ஆகிற செலவைத்தான் வாடகையாகப் பிரித்துக்கொள்வார்கள். கூட்டுவதா வேண்டாமா என்று குடியிருப்பவர்களே வருடத்துக்கு ஒருமுறை கூடி, அட்டையைத் தூக்கி முடிவு செய்வார்கள். வீட்டுக்கு இரண்டு அட்டை. உள்ளே ஐந்து பேர் இருந்தாலும் இரண்டு, ஒண்டிக்கட்டை என்றாலும் இரண்டு.

போடிலும் புருஷன் ஐகிலும் இருபத்தாறு வருடம் ஆளுக்கொன்று தூக்கினார்கள். ஒருநாளும் ஒரே பக்கம் தூக்கியதில்லை. அவள் புது ஜன்னல் வேண்டும் என்றால் அவர் வேண்டாம் என்பார். இவர்களுடைய நாலாம் மாடியை எண்ணவே வேண்டாம், அது தன்னோடு தானே அடித்துக்கொண்டு சரியாகிவிடும் என்று கூட்டத் தலைவர் ஃப்ளெமிங் கேலி செய்வார். ஐகிலுக்கு ஒரே பேச்சுதான்: வாடகை ஏறினால் நமக்குத் தாங்கும், மணிக்கூலிக்கு ஓடுகிற பிள்ளைகளுக்குத் தாங்காது.

பிப்ரவரியில் ஐகில் போய்ச் சேர்ந்தார். போடிலின் முழங்கால்களும் மக்கர் செய்யத் தொடங்கின. வாரக்கணக்கில் படியிறங்குவதில்லை. இரண்டாம் மாடி ரிக்கே, ஆஸ்பத்திரியில் துப்புரவு வேலை பார்ப்பவள், இரண்டு பெண் குழந்தைகளைத் தனியாக வளர்க்கிறவள், வியாழன்தோறும் பாலும் ரொட்டியும் கொண்டுவந்து வைப்பாள். பத்து நிமிடம் உட்கார்ந்து காப்பி குடிப்பாள். அந்தப் பத்து நிமிடத்தை நம்பித்தான் போடிலுக்கு வாரமே நகர்ந்தது.

செப்டம்பர் கூட்டத்தில் லிஃப்ட் பேச்சு வந்தது. வைத்தால் வீட்டுக்கு மாதம் எழுநூறு குரோன் கூடும். வைக்காவிட்டால் போடிலுக்கு ஊரின் மறுகோடியில் ஒரு கீழ்வீடு தருவதாகச் சங்கம் கடிதமே அனுப்பியிருந்தது. அங்கே அவளுக்கு ஒரு முகம்கூடத் தெரியாது.

ரிக்கே எழுந்து, எழுநூறு ஏறினால் தான் காலி செய்துதான் ஆகவேண்டும் என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தாள். போடில் கூட்டத்தில் பரிமாறிய மீன் ரொட்டியையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஒரு அட்டையைத் தூக்குவோம், ஐகிலுடையது மடியிலேயே கிடக்கட்டும் என்று நினைத்துத்தான் வந்திருந்தாள். அப்போது பின்னாலிருந்து ஒருவன், "ஏற முடியாதவங்க கீழ்வீட்டுக்குப் போகட்டுமே, அதுக்கு நாங்க ஏன் அழணும்?" என்றான். போடிலுக்குச் சுருக்கென்றது. இரண்டு அட்டையையும் தூக்கிவிட்டாள்.

வேண்டும் முப்பத்தொன்று, வேண்டாம் முப்பது.

கூட்டம் முடிந்ததும் ரிக்கேதான் அவளைக் கைத்தாங்கலாக மேலே கூட்டிவந்தாள். நாலு மாடிக்கும் வாயே திறக்கவில்லை. போடிலுக்கு அது தாங்கவில்லை.

"நாலு வார்த்தை திட்டிட்டாவது போயேன்."

"உங்களை எதுக்குத் திட்டணும்? உங்க கால் எனக்குத் தெரியாதா?" ரிக்கே, தான் தூக்கிவந்த போடிலின் கைப்பையை நீட்டினாள். "ஆனா அதுல ஒண்ணு ஐகிலோடது. அது எனக்கு விழுந்திருக்க வேண்டியது."

அது உண்மை என்பது போடிலுக்குத் தெரியும்.

ரிக்கே வசந்தத்தில் காலி செய்தாள். கடைசி வியாழன்வரை பால் வந்தது. காப்பிக்கு மட்டும் உட்காரவில்லை.

கோடை முடிவதற்குள் லிஃப்டும் வந்தது. முதல் சவாரி அவளுக்குத்தான் என்று ஃப்ளெமிங் நாலாம் மாடிக்கே வந்து கதவைத் தட்டினார். போடில் நல்ல கோட்டை எடுத்து மாட்டிக்கொண்டு, கைத்தடியோடு உள்ளே ஏறினாள். கதவு மூடியது.

"சொல்லுங்க போடில், எங்க போகணும்?"

போடில் யோசித்தாள். தெருவெல்லாம் நினைத்துப் பார்த்தாள். அவளுக்காகக் காத்திருக்கிறவர்கள் இந்த ஊரில் ஒருவர்கூட இல்லை.

"சும்மா கீழ போயிட்டு மேல வந்துடலாம்," என்றாள்.