பன்னிரண்டாவது பை

கேனுக்குள் பன்னிரண்டு துணிப்பைகள் விழுந்துவிட்டன. தண்ணீர் கேன்தான், உள்ளே இருப்பது அப்படியே வெளியே தெரியும். படியேறுகிறவர்களும் இறங்குகிறவர்களும், சும்மா கைப்பிடிச் சுவரில் சாய்ந்து நின்றவர்களும் ஆளாளுக்கு எண்ணிப் பார்த்தாயிற்று. வீட்டுக்கு ஒரு பை, கட்டடத்தில் பன்னிரண்டு வீடு. விளக்கு போடும் நேரம்வரை ஓட்டு போடலாம் என்றுதான் பேச்சு. எல்லாப் பையும் வந்த பிறகு யாருக்காகக் காத்திருக்க வேண்டும் என்று கேட்டார் கண்டக்டர். பஸ்ஸைவிட்டு இறங்கி எத்தனையோ காலமாகியும் அவர் கண்டக்டர்தான். நாலு பேர் கூடிவிட்டால் எல்லாரையும் உள்ளே தள்ளி நிற்கச் சொல்வார்.

அவர் கை நீட்டியதும் தையல்காரி தன் பெரிய கத்தரியைக் கொடுத்தாள். கேனின் கழுத்தை வெட்ட வேண்டும். கத்தரியைப் பிளாஸ்டிக்கில் வைத்தால் முனை மழுங்கும் என்று வேறு நாளாக இருந்தால் சண்டைக்குப் போயிருப்பாள். இன்று கேன் அசையாமல் தானே பிடித்துக்கொண்டாள்.

கீழ்த்தளத்தில் அவள் வீட்டு ஜன்னலுக்கு நேர் பின்னால்தான் அந்த ஜெனரேட்டர் நின்றது. கரண்ட் போனால் அது உறும ஆரம்பிக்கும். கரண்ட் போகாத நாள் கிடையாது. ஜன்னலை மூடினால் வீடு வேகும், திறந்தால் டீசல் புகை நேராகக் கட்டிலுக்கு வரும். கட்டிலில் அவள் மகள், எல்லாருக்கும் அவள் பட்டாணி. புகை வந்த கொஞ்ச நேரத்தில் பட்டாணிக்கு நெஞ்சு இழுக்கும், விலா எலும்புக்கு நடுவே தோல் உள்ளே போய் வரும். இந்தப் புகையில் வைத்துக்கொண்டு மருந்து கேட்டால் நான் என்னம்மா செய்வேன் என்று டாக்டர் கைவிரித்துவிட்டார். வேறு வீடு பார்க்க அவளுக்கு வழியில்லை. ஜெனரேட்டர் போக வேண்டும், இல்லையென்றால் பிள்ளை இப்படியே மூச்சுக்குத் தவிக்க வேண்டும். ஒழுகும் எண்ணெய் தரையடித் தொட்டி வரை போய்த் தண்ணீரில் வாடை வர ஆரம்பித்த பிறகு மற்றவர்களும் பேசத் தொடங்கினார்கள். மொட்டை மாடியில் சோலார் போடலாம் என்று ஒருவர் சொல்ல, பன்னிரண்டில் ஏழு வீடு சம்மதித்தால் போடுவது என்று முடிவானது.

முதல் தடவை முற்றத்தில் கை தூக்கச் சொன்னார்கள். அதை ஓட்டி வீடுகளுக்குக் கரண்ட் கொடுக்கும் ஜெனரேட்டர்காரர் எதிரே நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். அவர் யாரையும் மிரட்டவில்லை. தூக்கியவர்களின் முகத்தை ஒவ்வொன்றாகப் பார்த்தார், அவ்வளவுதான். ராத்திரி மின்விசிறி அவர் தயவில் சுற்றுகிறது. தூக்கிய கைகள் தலை சொறியப் போன மாதிரி இறங்கிவிட்டன.

அன்றைக்குத்தான் தையல்காரிக்கு அந்த யோசனை வந்தது. ஒரே துணியில் பன்னிரண்டு சுருக்குப்பை. ஒவ்வொன்றிலும் ஒரு வெள்ளைப் பொத்தான், ஒரு கறுப்புப் பொத்தான். வெள்ளை சோலாருக்கு, கறுப்பு ஜெனரேட்டருக்கு. திரைக்குப் பின்னால் போய், வேண்டியதைப் பையில் விட்டு, வேண்டாததை மூடிபோட்ட டப்பாவில் போட்டுவிட வேண்டும். சுருக்கை இழுத்துப் பையை எல்லார் கண்முன்னே கேனில் போட வேண்டும். எத்தனை பேர் போட்டார்கள் என்பது ஊருக்கே தெரியும், யார் என்ன போட்டார்கள் என்பது பைக்கு மட்டும்தான் தெரியும். நாலு பேர் முன்னால் பேசும்போது உதட்டில் குண்டூசி கவ்விக்கொண்டிருப்பவள் மாதிரிதான் அவள் பேசுவாள். அதனால் கண்டக்டர் காதில் மட்டும் சொன்னாள். அவர் கட்டடம் முழுக்கச் சொல்லிவிட்டார்.

இப்போது அவர் பைகளை ஒவ்வொன்றாகப் பிரித்து, பொத்தானை உயர்த்திக் காட்டி, தட்டில் வைத்துக்கொண்டிருந்தார். வெள்ளை. கறுப்பு. வெள்ளை. ஜெனரேட்டர்காரர் தூணோரம் நின்று பல் குத்திக்கொண்டிருந்தார். குச்சி ஒரே பல்லில்தான் இருந்தது.

நாலாவது வெள்ளை வந்தபோது தையல்காரி மகளைத் திரும்பிப் பார்த்தாள். பட்டாணி படியில் உட்கார்ந்து எதையோ முழங்காலில் உருட்டி விளையாடிக்கொண்டிருந்தாள். கறுப்புப் பொத்தான்.

யார் கொடுத்தது என்று அவள் சைகையில் கேட்டாள். பெரியம்மா என்றது பிள்ளை.

தங்கள் வீட்டுக் கறுப்பை அவளே தன் கையால் டப்பாவில் போட்டிருந்தாள். அப்படியானால் இது யாருடையது? அவள் கண் தானாக மேலே போனது. மாடியில் லாரிக்காரர் வீட்டுக் கதவு. ஆள் லோடு ஏற்றிக்கொண்டு போயிருந்ததால் அவர் பையை அந்தக் கைப்பிடியில்தான் காலையில் மாட்டிவிட்டு வந்தாள். கைப்பிடி வெறுமையாக இருந்தது. அவரே நடுவில் வந்து போட்டுவிட்டுப் போயிருப்பார் என்றுதான் இதுவரை நினைத்திருந்தாள். மதியம் பிள்ளைக்கு மருந்து கொடுக்கப் போனபோது கேனுக்குக் காவலாகத் தன்னோடு இருக்கும் அக்காவைத்தான் உட்கார வைத்திருந்தாள்.

அக்கா பக்கத்திலேயே நின்றாள். முகத்தில் ஒரு கள்ளமும் இல்லை. லாரிக்காரர் ஊரில் இல்லாத நாளில் அவர் குடத்துக்குத் தண்ணீர் பிடிப்பது அக்கா. கேஸ் சிலிண்டர் வந்தால் இறக்கிவைப்பது அக்கா. அவருக்காகப் பால்காரரிடம் சண்டை போட்டதுகூட உண்டு. இந்தக் கட்டடத்தில் ஒருவர் வீட்டில் இல்லையென்பதற்காக அவர் வேலை எதுவும் நின்றது கிடையாது.

தையல்காரி அக்காவின் கையைப் பிடித்து அழுத்தினாள். அக்கா புரிந்துகொண்டாள்.

"என்னடி? அவன் தண்ணியையும் நான்தானே பிடிக்கிறேன்" என்றாள் அடிக்குரலில். "பிள்ளை மூச்சு விடட்டும். பேசாம இரு."

வெள்ளை. கறுப்பு. வெள்ளை. தையல்காரி விரல்விட்டு எண்ணினாள். ஏழு வந்துவிடக் கூடாது என்று ஒரு மனம் வேண்டிக்கொண்டது. வராவிட்டால் வாய் திறக்க வேண்டியதே இல்லை. வந்துவிட வேண்டும் என்றும் அதே மனம் வேண்டிக்கொண்டது. கடைசிப் பையைக் கண்டக்டர் பிரித்தார். வெள்ளை.

ஏழு. யாரோ கை தட்டினார்கள். அக்கா பட்டாணியைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டாள். ஜெனரேட்டர்காரர் குச்சியை எறிந்துவிட்டுத் திரும்பினார். கை தூக்கிய அன்று முகம் முகமாகப் பார்த்தவர், இன்று ஒரு முகத்தையும் பார்க்கவில்லை. அவரை இப்படியே போகவிட்டால் போதும், எல்லாம் முடிந்துவிடும். கை தூக்குவதைவிடக் கேவலமான வேலைக்கா இத்தனை பை தைத்தோம் என்று அவளுக்குத் தோன்றியது.

"ஐயா, நிறுத்துங்க" என்றாள். அவள் குரல்தானா என்று பாதிப் பேர் திரும்பிப் பார்த்தார்கள். "அதுல ஒண்ணு லாரிக்காரர் போடல. எங்க அக்கா போட்டுட்டாங்க."

அதற்குப் பிறகு யார் என்ன பேசினார்கள் என்று பிரித்துச் சொல்ல முடியாது. அக்கா பிள்ளையோடு விருட்டென்று வீட்டுக்குள் போய்க் கதவைச் சாத்தினாள். திருட்டு ஓட்டு என்றார் ஒருவர். நமக்காகத்தானே போட்டாள் என்றார் இன்னொருவர். ஜெனரேட்டர்காரர் திரும்பி வந்து நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். "அப்போ ஆறு. ஏழு வேணும்னு நீங்கதான் சொன்னீங்க" என்றார். அவர் சொன்னதில் தப்பில்லை.

கண்டக்டர் வானத்தைப் பார்த்தார். விளக்கு போட இன்னும் நேரம் இருந்தது, நேரம் முடியும்வரை ஓட்டு உண்டு. லாரிக்காரருக்குப் போன் போட்டார்கள். ஊர் எல்லையில் சரக்கு இறக்கிக்கொண்டிருப்பதாகவும், வந்துவிடுவதாகவும் சொன்னார். ஜெனரேட்டர்காரர் முகம் தெளிந்தது. லாரிக்காரரும் அவரும் ஒரே டம்ளரில் டீ குடிக்கிறவர்கள். லாரியின் பேட்டரி இறங்கும்போதெல்லாம் சார்ஜ் ஏறுவது அந்த ஜெனரேட்டரில்தான்.

காத்திருக்கும்போது கரண்ட் போயிற்று. ஜெனரேட்டர்காரர் எழுந்து போய்க் கயிற்றை இழுத்தார். முற்றம் முழுக்க உறுமல். மூடிய கதவுக்குப் பின்னாலிருந்து பட்டாணியின் இருமல் கேட்டது. ஒன்று, ஒன்றின்மேல் ஒன்று, பிறகு நெஞ்சு இழுக்கும் அந்த விசில் சத்தம். தையல்காரி எழுந்தாள், உட்கார்ந்தாள். உள்ளே அக்கா ஜன்னலை அறைந்து மூடும் சத்தம், தனக்கு விழுந்த அறை மாதிரி இருந்தது.

லாரிக்காரர் தலையெல்லாம் சிமென்ட் தூசியோடு வந்து சேர்ந்தார். முழுக்கதையையும் கேட்டார். சிரிப்பார் என்று நினைத்தார்கள், சிரிக்கவில்லை. பையைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார்.

"இப்போ நான் ஒருத்தன் போட்டா, என்ன போட்டேன்னு எல்லாருக்கும் தெரிஞ்சிடுமே" என்றார். "ஒரு பக்கம் டீ, ஒரு பக்கம் தண்ணி. நான் எங்க போய்க் குடிக்கிறது?"

அவர் சொல்வது நியாயம் என்று முதலில் தெரிந்தது தையல்காரிக்குத்தான். பையைத் தைத்ததே அதற்காகத்தான். இந்த ஒரு பொத்தானுக்கு மட்டும் பை இல்லாமல் போகிறது. வழி ஒன்றுதான் இருந்தது. அதைச் சொன்னால் கையிலிருக்கும் ஆறும் போகலாம். அக்கா செய்ததில் கடுப்பானவர்கள் அந்த ஆறு பேரிலேயே இருந்தார்கள்.

"எல்லாரும் மறுபடி போடணும்" என்றாள்.

கண்டக்டர் அவளைப் பக்கத்தில் இழுத்தார். "அம்மா, இருக்கிறதும் போயிடும். தெரிஞ்சுதான் பேசுறியா?"

"தெரியும் ஐயா."

"உள்ள குழந்தை எப்படி இழுக்குது பாரு."

"கேக்குது ஐயா."

கண்டக்டர் தன் வீட்டிலிருந்து வேறு கேன் கொண்டுவந்தார். பைகளில் மறுபடி பொத்தான்களைப் போடும்போது தையல்காரியின் விரலிடுக்கிலிருந்து ஒன்று நழுவிக் கீழே உருண்டது. ஜெனரேட்டர்காரர் குனிந்து எடுத்துக் கொடுத்தார். கறுப்புதான். "எண்ணி வச்சுக்கம்மா" என்றார். குரலில் ஏளனம் இருந்ததா இல்லையா என்று அவளுக்குப் பிடிபடவில்லை.

ஒவ்வொருவராகத் திரைக்குப் பின்னால் போனார்கள். சிலர் சட்டென்று வந்தார்கள். இரண்டாம் மாடி டீச்சர் போனவள் வெகுநேரம் வரவில்லை. போன தடவை இவள் மூச்சு விடும் நேரத்தில் வந்துவிட்டாளே என்று தையல்காரிக்கு உயிர் போனது. லாரிக்காரர் உள்ளே போனபோது தும்மினார், தூசிதான்.

ஜெனரேட்டர் உறுமிக்கொண்டிருந்ததால் கண்டக்டர் கத்திக் கத்தி எண்ண வேண்டியிருந்தது. கறுப்பு. கறுப்பு. வெள்ளை. கறுப்பு. தையல்காரி தரையைப் பார்த்துக்கொண்டு நின்றாள். கறுப்பு ஐந்தானபோது வெள்ளை மூன்று. இன்னொரு கறுப்பு வந்தால் முடிந்தது. வெள்ளை என்றார் கண்டக்டர். மறுபடி வெள்ளை. மறுபடி. கடைசிப் பையின் சுருக்கு முடிச்சு விழுந்து இறுகியிருந்தது. யாரோ பதற்றத்தில் இழுத்திருக்கிறார்கள். நகத்தால் நெம்பினார், வரவில்லை. தையல்காரி வாங்கிப் பல்லால் கடித்துப் பிரித்து, உள்ளே பார்க்காமல் அவரிடமே கொடுத்தாள்.

கண்டக்டர் உள்ளங்கையில் கவிழ்த்தார். வெள்ளை.

இந்தத் தடவை யாரும் கை தட்டவில்லை. மாறிப் போட்டது யார், மாறாதது யார் என்று ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள், ஒன்றும் கிடைக்கவில்லை. ஜெனரேட்டர்காரர் தட்டில் இருந்த பொத்தான்களைத் தன் விரலால் ஒதுக்கி ஒதுக்கித் தானே எண்ணினார். பிறகு, "சோலார் தகடு வர்றவரைக்கும் இது ஓடும். அதையும் வேண்டாம்னு சொல்லிடாதீங்க" என்று சொல்லிவிட்டு டீசல் ஊற்றப் போனார். யாரும் வேண்டாம் என்று சொல்லவில்லை.

தகடு வர மாதங்கள் ஆகும். தையல்காரி உள்ளே போனபோது பட்டாணி ஈரத்துணியை முகத்தில் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தாள், விலா ஏறி இறங்கிக்கொண்டிருந்தது. அக்கா முதுகைத் தடவிக்கொண்டிருந்தாள். திரும்பிப் பார்க்கவும் இல்லை, ஜெயித்தாயா என்று கேட்கவும் இல்லை.

காலையில் தண்ணீர் வந்தது. தங்கள் குடங்களைப் பிடித்து முடித்த அக்கா, லாரிக்காரரின் குடத்தை எடுத்தாள், வைத்தாள், குழாயைப் பார்த்தபடி நின்றாள். மாடியில் கைப்பிடிச் சுவரின் மேலாக, பல் விளக்கும் வாயோடு லாரிக்காரர் எட்டிப் பார்த்தார்.

"பிடிங்கக்கா. இதுக்கு என்னைக் கேக்க வேண்டாம்."

அக்கா நிமிர்ந்து பார்க்கவில்லை. குடத்தைக் குழாயடியில் தள்ளினாள்.